காலுல என்ன போட்டிருந்தாக?

அவளை நினைக்கும்போது முகத்துக்கு முன்னால் செருப்புதான் நினைவில் எழுகிறது. ஆண்கள் அணியும் தோல் செருப்பு. கட்டைவிரலுக்கு வளையம் வைத்து, அடியில் லாரி டயரை வெட்டித் தைத்தது. அவளுடைய பாதத்துக்கு அது மிகப் பெரிது. நடக்கும்போது குதிகாலுக்குப் பின்னால் அது தரையில் அடித்து ஓசை எழுப்பும். விடுதியின் நீண்ட நடைபாதையில் அந்த ஓசை நெருங்குவதைக் கேட்டதும் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை மாற்றுவார்கள். பயந்து மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மாற்றினார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை அது. நாகமலை புதுக்கோட்டைக்கு அருகிலிருந்த பல்கலைக்கழகத்தில், தமிழ் வழியில் பட்டம் முடித்த எங்களை ஆங்கில இலக்கிய முதுகலைக்குச் சேர்த்துக்கொள்ளும் முன், கோடை முழுவதும் ஆங்கிலத்தில் ஊறவைப்பது என்று ஒரு தீவிரப் பயிற்சி நடந்தது. அதன் முதல் விதி, பெரிய வாயிலுக்கு உள்ளே தமிழ் கூடாது என்பது. உணவுக்கூடத்தில் இன்னொரு கரண்டி ரசம் வேண்டுமென்றாலும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். பரிமாறுபவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே நாங்கள் கேட்பதும் அவர் ஊற்றுவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தன.

விதி வாயிலோடு முடிந்தது. வாயிலுக்கு வெளியே, தேனி சாலையில், வறண்ட ஓடை ஒன்றின் மேல் சிறு பாலம் இருந்தது. இடுப்பளவு உயரத்தில் அதற்கொரு கட்டைச்சுவர். மாலையில் நாகமலையின் நிழல் அந்தச் சுவர்மீது விழும் நேரத்துக்கு, பெண்கள் விடுதி முழுவதும் அங்கே வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும். பகல் முழுவதும் அடக்கி வைத்த தமிழை ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்த்துவிட்டுத்தான் திரும்புவோம். "பாலத்துக்கு வாரியா?" என்று கேட்டால் "பேச வேண்டியது இருக்கிறது" என்று பொருள். வீட்டுச் சண்டை, மாப்பிள்ளைப் பேச்சு, விடுதிக் காப்பாளரைப் போல நடித்துக் காட்டுவது எல்லாம் அங்கேதான். என்னைப் போல அதிகம் பேசாதவர்கள்கூட அந்தச் சுவரில் உட்கார்ந்ததும் ஏதாவது சொல்லிவிடுவார்கள்.

சொல்லாதவள் அவள் ஒருத்திதான். நடுவில் உட்கார்ந்து, பெரிய செருப்பைக் கால்விரலில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருப்பாள். யாராவது பேச்சை நிறுத்தினால் "பெறகு?" என்பாள். கதை முடிந்துவிட்டது என்று சொல்பவர் நினைத்தாலும், அவள் "பெறகு?" என்றதும் இன்னும் கொஞ்சம் இருப்பது தெரியவரும். அதற்கும் பிறகு, எந்தக் கதையானாலும், ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பாள்.

"அப்ப காலுல என்ன போட்டிருந்தாக?"

முதலில் சிரித்தார்கள். செருப்புக்கடைக்காரி என்று பெயர் வைத்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் கேள்வியை விடவில்லை. ஒத்தக்கடைப் பெண் ஒருத்தி, புது மனையில் கட்டிய வீட்டுக்குக் கதவு மாட்டுவதற்கு முன்பே குடிபோன கதையைச் சொன்னாள். அவளுடைய அப்பா வாசற்படியில் குறுக்கே படுத்து, தானே கதவாக இருந்தாராம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது இவள் கேட்டாள், அவர் காலில் என்ன இருந்தது என்று. அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, அப்பா அன்றைக்குப் பூட்ஸைக் கழற்றவே இல்லை, மில்லிலிருந்து வந்த அதே பூட்ஸோடு படுத்திருந்தார் என்று சொன்னாள். சொன்னதும் அவளுடைய முகம் மாறியது. அந்த விவரம் தன்னிடம் இருந்ததே அவளுக்கு அதுவரை தெரியாதது போல.

அந்தச் செருப்புக்கடைக்காரி என் அறைத்தோழி. எங்களைவிடச் சில வருடம் மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டபோது, "வா போன்னே சொல்லு, அக்கான்னா ஏதோ நாட்டாமை பண்ண வந்தவ மாதிரி இருக்கு" என்று தடுத்துவிட்டாள். ஊர் எது என்று கேட்டேன். மேலூர்ப் பக்கம் என்றாள். இன்னொரு நாள் வேறொருத்தி கேட்டபோது ஒத்தக்கடைக்குப் பக்கம் என்றாள். மூன்றாவதாக ஒருத்தியிடம் டவுனுக்குள்ளேதான் என்று சொன்னதையும் நான் கேட்டேன். இவை ஒன்றுக்கொன்று தூரமில்லாத இடங்கள்தான். ஆனால் சொந்த ஊரைச் சொல்வதற்கு ஒருவருக்கு மூன்று விடை தேவைப்படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் வீட்டிலிருந்து ஆள் வரும். தூக்குச்சட்டி வரும், முறுக்கு வரும். அவளுக்கு யாரும் வரவில்லை. அதைப் பற்றி அவள் வருந்தியதாகவும் தெரியவில்லை. மற்றவர்களைப் பார்க்க வந்தவர்களுடன் போய் உட்கார்ந்து, அவர்கள் தன்னைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்பது போலப் பேசுவாள். வேப்பமரத்தடியில் என் அப்பாவிடம், "பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுச்சாய்யா?" என்று விசாரித்தாள். அப்பா அதிகம் பேசாதவர். அந்தக் குணம்தான் எனக்கும் வந்திருக்கிறது. அவரே அவளிடம் கிணற்றில் தண்ணீர் எந்த மட்டில் கிடக்கிறது என்பதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம், "நல்ல புள்ள. எந்த ஊருத்தா?" என்று கேட்டார். நான் மேலூர் என்றேன், மூன்றில் எது வாய்க்கு வந்ததோ அதை.

எங்களை இரண்டு பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். அவள் வேறு பிரிவு. இரண்டு பிரிவுக்கும் பிற்பகலில் வாய்மொழி வகுப்பு உண்டு. ஒருவர் எழுந்து நின்று, தமக்கு நேர்ந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நாங்களோ பள்ளியிலிருந்து கட்டுரைகளை மனப்பாடம் செய்தே பட்டம் வரை வந்தவர்கள். எனவே சொந்த வாழ்க்கையையும் முதல் நாளே எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்துகொண்டு போனோம். ஆசிரியருக்கு அது தெரியும். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தி, அன்றைக்கு மழை பெய்ததா, கதவு எந்தத் திசையில் இருந்தது என்று ஒரு கேள்வியைப் போடுவார். அத்தோடு எங்கள் வாழ்க்கை அறுந்துவிடும். கேள்விக்கும் பதில் வராது, விட்ட இடமும் நினைவுக்கு வராது. சொந்த அம்மாவைப் பற்றிச் சொன்னவர்கள்கூடப் பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள் போல உட்காருவார்கள்.

அவள் மட்டும் ஒருமுறையும் அறுந்ததில்லை என்று அவளுடைய பிரிவில் சொன்னார்கள். எதைக் கேட்டாலும் உடனே பதில் வருமாம். இந்த வகுப்பில் உண்மையைப் பேசுகிறவர் ஒருவர்தான் என்று ஆசிரியர் அவளைக் காட்டிப் பாராட்டினாராம்.

அந்த உண்மையின் ஊற்று எது என்பது பாலத்தில்தான் வெளிப்பட்டது. டவுனில் லுங்கிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி எங்களோடு இருந்தாள். தன் மாமு மகளின் நிக்காஹ் அன்று, பிரியாணி நிரம்பிய பெரிய தேக்சாக்கள் அதே தெருவில் துக்கம் நடந்த வேறொரு வீட்டுக்குத் தவறிப்போய் இறங்கிவிட்ட கதையை அவள் முன்னொரு மாலையில் சொல்லியிருந்தாள். கேட்கப் போனபோது துக்கத்துக்கு வந்தவர்கள் பாதியைச் சாப்பிட்டுவிட்டார்களாம்; அழுதுகொண்டிருந்தவர்களிடம் மீதியை எப்படிக் கேட்பது என்று மாமு வாசலிலேயே நின்றுவிட்டாராம். சில நாள் கழித்து அதே கதையை, தன் வீட்டில் நடந்ததாக, என் அறைத்தோழி வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பிரியாணியை மட்டும் மாற்றிவிட்டாள்.

"அடியே, எங்க மாமு தேக்சாவுல கேசரி கிண்டிட்டாளே இவ" என்று லுங்கிக்கடைப் பெண் பாலத்தில் சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் ஒத்தக்கடைப் பெண், தன் அப்பா கதவாகப் படுத்திருந்ததும் அந்த வகுப்பில் சொல்லப்பட்டுவிட்டது என்றாள், பூட்ஸ் உட்பட. அவள் சிரிக்கவில்லை.

இவள் கொஞ்சமும் கலங்கவில்லை. "உங்க கதைக்கு என்ன கொறஞ்சு போச்சு? உங்ககிட்டதான இருக்கு" என்றாள்.

அன்று முதல் நான் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒருவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் பிறரிடமிருந்து இவ்வளவு வாங்கிக்கொள்வது எதற்காக? அந்தச் செருப்பு ஓர் ஆணுடையது என்பது பார்த்தாலே தெரிந்தது. விடுதியில் அதைப் பற்றிப் பல ஊகங்கள் இருந்தன. கட்டிக்கொள்ளப் போகிறவனுடையது என்றார்கள். விட்டுவிட்டுப் போனவனுடையது என்றும் சொன்னார்கள். அவள் இல்லாத இடத்தில் பேசினோம், இருந்த இடத்தில் கேலி செய்தோம். "அண்ணே, கொஞ்சம் மெதுவா நடங்கண்ணே" என்று நடைபாதையில் குரல் கொடுப்பவர்களும் உண்டு.

இவ்வளவும் தெரிந்த பிறகு அவளிடம் நானும் சொன்னேன் என்பதை இப்போதும் என்னால் முழுவதும் விளக்க முடியவில்லை.

என் அக்காவை உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கணவர் அடிப்பார். ஒரு முற்பகலில் அடி தாங்காமல், தொட்டிலில் தூங்கிய பிள்ளையைக்கூட எடுக்க முடியாமல், கட்டிய சேலையோடு அக்கா சாலைக்கு வந்து பேருந்தில் ஏறிவிட்டாள். ஆரப்பாளையத்தில் இறங்கி, சமயநல்லூருக்கு அப்பால் உள்ள எங்கள் ஊருக்கு வேறு பேருந்து ஏற வேண்டும். அந்தப் பேருந்தில் இருப்பவர்கள் எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள். அக்காவால் ஏற முடியவில்லை. தெரிந்த நடத்துனர் ஒருவரிடம் சொல்லியனுப்பிவிட்டு, நிலையத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்தார். ஆனால் உடனே கூட்டிக்கொண்டு போகவில்லை. இருட்டும் வரை அங்கேயே உட்காரவைத்தார். பிறகு வயல் வழியாக வீட்டுக்கு அழைத்து வந்தார்.

மறுநாள் அப்பா ஊருக்குச் சொன்னது வேறு. சம்பந்தி வீட்டார்தான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு பெண்ணைப் பேருந்தில் ஏற்றி விரட்டினார்களாம். தகவல் தெரிந்து தான் போய் அழைத்து வந்ததாகச் சொன்னார். அவர்களோ, பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடியவளுக்குப் பிள்ளை எதற்கு என்றார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளை யாரிடம் என்பது அப்பாவின் வாக்கில்தான் நின்றது. அக்கா தானாகக் கிளம்பி வந்தாள், அப்பா அவளை இருட்டும்வரை மறைத்து வைத்தார் என்பது தெரிந்தால் அந்த வாக்கு விழுந்துவிடும். பிள்ளையும் போய்விடும்.

எங்கள் பயிற்சியில் உசிலம்பட்டிப் பெண் ஒருத்தியும் இருந்தாள். பேசிக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவர் அவளுடைய சித்தப்பா. முதல் வாரத்திலேயே, "உங்க அக்கா விசயம் எங்க சித்தப்பாகிட்டதான் இருக்கு" என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். பகையோடு சொல்லவில்லை, தெரிந்தவர் என்ற உரிமையோடுதான் சொன்னாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவளிருக்கும் இடத்தில் அக்காவின் பேச்சையே எடுக்கமாட்டேன்.

ஒரு ஞாயிறு அப்பா வந்து, பயிற்சி முடியும் வாரத்தில் பெரியவர்கள் கடைசியாகக் கூடப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைப் பேருந்து ஏற்றிவிட்டு நான் பாலத்தில் உட்கார்ந்தேன். என் அறைத்தோழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. நான்தான் தொடங்கினேன். நிறுத்திய இடங்களில் "பெறகு?" என்றாள். எல்லாம் சொன்னேன்.

"உங்க அக்கா காலுல என்ன போட்டிருந்தா?"

"ஒண்ணுமில்ல. வெறுங்காலு."

"அப்பா?"

"அவரு எப்பவும் செருப்பு போட்டிருப்பாரு."

வழக்கமாக அதற்குப் பின் இன்னும் பத்துக் கேள்வியாவது வரும். அன்று வரவில்லை. கால்விரலில் தொங்கிய செருப்பை ஆட்டுவதையும் நிறுத்தியிருந்தாள். தேவையானது கிடைத்துவிட்டது போலும் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

சுவரின் மறுகோடியில் மற்றவர்கள் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நான் பேசி முடித்துத் திரும்பியபோதுதான் உசிலம்பட்டிப் பெண் அந்தக் கூட்டத்தில் இருப்பதைப் பார்த்தேன். அவள் கடலையை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டொரு நாளில் அவளே கேட்டாள். விடுதி வாசலில் எங்கள் இருவரையும் நிறுத்தி, விதியை மறந்து தமிழிலேயே கேட்டாள்.

"அன்னைக்குப் பாலத்துல பேசிக்கிட்டு இருந்தீகளே, ஆரப்பாளையத்துல பொழுது சாயிற வரைக்கும் உக்காந்திருந்தது யாரு? பிள்ளைய விட்டுட்டு வந்தான்னு வேற காதுல விழுந்துச்சு."

"யாருமில்ல" என்றேன்.

"யாருமில்லாமயா அம்புட்டு நேரம் பேசுனீக? வார ஞாயித்துக்கெழம எங்க சித்தப்பா வாராக. அவுககிட்டயே கேட்டுக்கிறேன்."

என் அறைத்தோழி தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அது யாரோ ஒருத்தி" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும். கதை சொல்வதில் அவ்வளவு கெட்டிக்காரிக்கு அந்த ஒரு பொய் கிடைக்காமல் போயிருக்காது. என் அக்காவின் புகுந்த வீட்டுக்காரர்கள் அனுப்பிய ஆளோ அவள் என்றுகூட அன்று நினைத்தேன். அறையில் அவள் பேச்சுக்கொடுத்தால் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னேன். விதியைக் கடைப்பிடிப்பது அவ்வளவு சௌகரியமாக அதற்கு முன் இருந்ததில்லை.

பயிற்சியின் கடைசித் தேர்வு அந்த ஞாயிற்றுக்கு முந்தைய நாள் நடந்தது. இரண்டு பிரிவையும் பெரிய கூடத்தில் ஒன்றாக உட்காரவைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து தேர்வாளர்களாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மேடையேறி, தமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்பே என் அறைத்தோழியின் முறை வந்தது. உசிலம்பட்டிப் பெண் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். செருப்பு தரையில் அடிக்க அவள் மேடைக்குப் போனாள். எங்கோ ஒருத்தி "அண்ணே" என்று மெல்லச் சொன்னது கேட்டது.

அவள் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தொடங்கினாள்.

ஒரு முற்பகலில் கணவர் வீட்டிலிருந்து தான் இறங்கி வந்ததாகச் சொன்னாள். பிள்ளை தொட்டிலில் தூங்கியது; தொட்டிலுக்கும் தனக்கும் நடுவில் மாமியார் நின்றாள். வந்து திண்டில் உட்கார்ந்ததாகவும் ஆள் விட்டுத் தகப்பனாருக்குச் சொன்னதாகவும் சொன்னாள். 'நான்' என்றே சொன்னாள், ஒவ்வொரு வாக்கியத்திலும். உசிலம்பட்டிப் பெண் என் முழங்கையைப் பற்றினாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஆண் தேர்வாளர் கையை உயர்த்தினார். தகப்பனார் வந்ததும் என்ன செய்தார் என்று கேட்டார்.

உடனே பதில் வந்தது. பழக்கடையின் தார்ப்பாய் நிழலில், மகள் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். பார்க்கிறவர்களுக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று தோன்ற வேண்டும் என்பதற்காக. வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு யாருக்கோ வழிவிடுவது போலத் திண்டின் பக்கம் நகர்ந்து வந்து, முகத்தைப் பார்க்காமல், தன் செருப்பைக் கழற்றித் தன் மகளின் காலடியில் விட்டுவிட்டு, அந்த வெயிலில் வெறுங்காலோடு தார்ப்பாய்க்குத் திரும்பினார்.

இது நான் சொல்லாத விவரம். அப்பா முதுகைக் காட்டி நின்றாரா என்பதும் எனக்குத் தெரியாது. செருப்பைப் பற்றியும் தெரியாது. அவளுடைய காலைப் பார்த்தேன். கையருகில் இருந்த பொருளை வைத்துக் கதையை அலங்கரித்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் காலிலிருந்த செருப்பையே மேடைப்பொருளாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியத்தை, அந்த நிலையிலும், ஒரு மாணவியாக என்னால் மதிப்பிட முடிந்தது.

அப்போது பெண் தேர்வாளர் கேட்டார், பிள்ளையின் பெயர் என்ன என்று. சாதாரணக் கேள்வி. அன்பாகத்தான் கேட்டார்.

அவள் நின்றுவிட்டாள்.

எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்கிறவள், கதவின் திசையையும் வெயிலின் சாய்வையும் கைவசம் வைத்திருப்பவள், நின்றுவிட்டாள். மின்விசிறிகள் சுற்றும் ஓசை கேட்டது. உதடு ஒருமுறை அசைந்தது. எங்கள் ஆசிரியர் முன்னால் குனிந்தார். கடைசியில் அவள் "நன்றி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

ஒருவழியாகப் பிடிபட்டாள் என்பதுதான் எனக்குத் தோன்றியது. பெயரைத் திருடி வைத்துக்கொள்ள மறந்துவிட்டாள். நான் அதை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கூடத்துக்கு வெளியே உசிலம்பட்டிப் பெண் என்னைத் தனியாக இழுத்துப்போனாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு நீ இவ கதையத்தான் கேட்டுக்கிட்டு இருந்தியா? நான் வேற என்னமோ நெனச்சேன்டி. நல்லவேள, எங்க சித்தப்பாகிட்ட வாய விடல. பாவம், பேரக்கூடச் சொல்ல முடியாமப் போச்சே அவளுக்கு."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அறைக்குப் போனபோது அவளுடைய கட்டில் காலியாக இருந்தது. வாயிலைத் தாண்டி ஓடினேன். டிரங்குப் பெட்டியைப் பாலத்தின் சுவர்மேல் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நின்றிருந்தாள்.

"எங்க அக்கா கதைய எதுக்குச் சொன்ன?" என்றேன்.

"உங்க அக்கா பேரு அதுல எங்க வந்துச்சு?"

"செருப்பு? அத யாரு சொன்னா உனக்கு? எங்க அப்பாவா?"

அவள் என் காலைப் பார்த்தாள். அவசரத்தில் குளியலறைச் செருப்போடு ஓடி வந்திருந்தேன். "போ, உன் மொற வந்துரும்" என்றாள். பேருந்து வந்தது. மேலூருக்கும் ஒத்தக்கடைக்கும் டவுனுக்கும் போக வேண்டியவள் கிழக்கே போகும் பேருந்தில் ஏற வேண்டும். அவள் ஏறியது மேற்கே, உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும் பேருந்தில். கடைசியாக என் சந்தேகத்தில் எஞ்சியது அந்தத் திசைதான். மறுநாள் அப்பாவுக்குச் சொல்லியனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

தேர்ச்சிப் பட்டியலில் அவளுடைய பெயர் இருந்தது. என் பெயரும் இருந்தது. முதுகலை வகுப்பு தொடங்கியபோது அவள் வந்து சேரவில்லை.

பெரியவர்கள் கூடினார்கள். உசிலம்பட்டிப் பெண்ணின் சித்தப்பா அப்பாவின் வாக்கை ஏற்றுக்கொண்டார். பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தான். தீபாவளி விடுமுறையில் நான் ஊருக்குப் போனபோது, அக்கா அவனை மடியில் வைத்துக்கொண்டு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பாலத்தில் நான் பேசியதையும், அது மேடைக்குப் போனதையும். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு சொல்லும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்பா செருப்பக் கழட்டிக் குடுத்தாரா உனக்கு?" என்று முடிவில் கேட்டேன்.

"அப்பாவா? இல்லடி. நின்னாரு, அம்புட்டுதான். வெறுங்காலோடதான் வீடு வரைக்கும் வந்தேன்."

"பாத்தியா, அப்ப அவ சொன்னது பொய்தான. பிள்ள பேரக் கேட்டதும் மாட்டிக்கிட்டா."

அக்கா பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்தாள். இன்னொரு வாய் பிய்த்து ஊட்டினாள்.

"பொய் சொல்லுறவ வாயிக்கு வந்த ஒரு பேரச் சொல்லியிருப்பாளே" என்றாள். "கூட்டத்துல எங்கிட்டயும் கேட்டாக, பிள்ள பேரு என்னத்தான்னு. எனக்கு வாயே வரல. அப்பாதான் சொன்னாரு."

பிள்ளையை மடியில் சரித்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

"அவளுக்குப் பிள்ள வந்துருச்சாமா?"

தெரியாது என்றேன். அவள் எந்த ஊர் என்றே தெரியாது, மூன்று ஊர் சொன்னாள், மூன்றும் பொய், மேற்கே போகிற பேருந்தில் ஏறிப்போனாள் என்று, என் சந்தேகத்துக்கான காரணங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன்.

"ஊரு கெடக்கட்டும்" என்றாள் அக்கா. "ஒரே ரூமுல இருந்திருக்க. அந்தச் செருப்பு யாருதுன்னு நீ ஒரு வார்த்த கேக்கலயா?"